சான் ஜிமிஞானோவுக்கு நடந்தே போனோம்: பெட்டியை வண்டியில் அனுப்பிவிட்டு நடக்கும் சேவை, ஐந்து இரவு அனுபவம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 720 யூரோ. அதில் ஐந்து இரவு தங்கல், காலைச் சாப்பாடு, இரண்டு நாள் இரவுச் சாப்பாடு, நாங்கள் நடக்கிற நாளில் பெட்டியை அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அச்சடித்த வழிக்குறிப்பு, கைபேசியில் போட்டுக்கொள்ள வரைபடம், ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒயின் சுவைத்துப் பார்ப்பது, எல்லாம் அடக்கம். வழிகாட்டி யாரும் கூட வரமாட்டார். நாமேதான் வழி பார்த்து நடக்க வேண்டும். இத்தாலியின் டஸ்கனி பகுதியில் இப்படிச் சேவை செய்யும் சின்ன நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. நாங்கள் எடுத்தது அதில் ஒன்று. ஒரு நாள் எங்களைக் கலங்கடித்துவிட்டார்கள். ஆனால் குறையை எழுதி அனுப்பியதும் மன்னிப்புக் கேட்டு, அன்றைய வண்டிக் கூலியையும் திருப்பித் தந்தார்கள். அதனால் பெயரை இங்கே போடவில்லை. இந்த மாதிரிச் சேவையை எடுக்கலாமா, எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

என்கூட வந்தது அக்கா. 63 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஆனது. நடக்கச் சொன்னார் மருத்துவர். அன்றிலிருந்து அவள் நடக்காத நாள் இல்லை. ஏற்றம் அவளுக்குப் பிரச்சினை இல்லை. இறக்கம்தான் வலிக்கும். அதனால் நாங்கள் மூன்றே விஷயம் கேட்டோம். முதுகில் சுமை கூடாது. ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. சான் ஜிமிஞானோவில் ஊருக்குள்ளேயே, மதில் சுவருக்கு உள்ளே, இரண்டு ராத்திரி படுக்க வேண்டும்.

இரண்டாவது விஷயத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாங்கள் நடந்தது வியா ஃபிராஞ்சிஜெனா என்ற பழைய யாத்திரைப் பாதை. 990ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கான்டர்பரிப் பேராயர் சிஜெரிக் ரோமிலிருந்து திரும்பியபோது வழியில் தங்கிய ஊர்களை எழுதிவைத்தார். அந்தப் பட்டியலில் சான் ஜிமிஞானோவும் உண்டு. 1994இல் ஐரோப்பிய மன்றம் இதைப் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. இன்றைக்குக் குறி போட்டிருக்கும் பாதையில் காம்பாஸி தெர்மே என்ற ஊரிலிருந்து சான் ஜிமிஞானோவுக்கு 13 கிலோமீட்டர் சொச்சம். சுகமான தூரம். ஆனால் அதற்கு அடுத்த கட்டமான மொன்டெரிஜ்ஜோனிக்கு 30 கிலோமீட்டர் ஆகும். இதைச் சில நிறுவனங்கள் அப்படியே ஒரே நாளில் நடக்க விட்டுவிடுகின்றன. பதிவு செய்யும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள். நாங்கள் எடுத்த சேவையில் நடுவில் கொல்லே தி வால் தெல்சாவில் ஓர் இரவு வைத்து அதை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். நாங்கள் அவர்களைத் தேர்ந்தெடுக்கக் காரணமே அதுதான்.

போனது செப்டம்பர் கடைசி வாரம். ஃப்ளோரன்ஸிலிருந்து ரயிலில் வந்து காஸ்டெல்ஃபியோரென்டினோவில் இறங்கினோம்; அங்கிருந்து நிறுவனத்தின் வண்டி மேட்டுக்கு ஏற்றிக் காம்பாஸியில் விட்டது. முதல் இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமான அறை, நல்ல தூக்கம்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கிளம்பினோம். பாதை பெரும்பாலும் வெள்ளைச் சரளை மண் சாலை, நடுநடுவே தோட்டத்தை ஒட்டிப் போகும் ஒற்றையடித் தடம். மரத்திலும் கல்லிலும் கம்பத்திலும் சிவப்பு வெள்ளைப் பட்டை தீட்டியிருக்கிறார்கள். சில இடத்தில் மூட்டையோடு நடக்கும் யாத்திரிகன் படம். குறிகள் தெளிவாக இருப்பதால், உண்மையைச் சொன்னால், அன்றைக்கு வழிக்குறிப்பைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

திராட்சைத் தோட்டம் என்றால் தூரத்திலிருந்து சீப்பால் வாரிவிட்டது போல இருக்கும். கிட்டே போனால்தான் ஒவ்வொரு வரிசையும் தெரியும். எங்கள் இடப்பக்கம் வெள்ளைத் திராட்சை, வலப்பக்கம் கறுப்பு. வெள்ளை வெர்னாச்சா, கறுப்பு சான்ஜோவேசே. வெர்னாச்சா வரிசைகள் பாதி பறித்து முடிந்திருந்தன. கறுப்பு இன்னும் கொடியில் தொங்கியது. பல வரிசைகளின் தலைமாட்டில் ஒரு ரோஜாச் செடி. அழகுக்கு என்றுதான் நினைத்தேன். சாம்பல் நோய் வந்தால் ரோஜாவில் முதலில் தெரியும், கொடிக்கு உடனே மருந்து அடிக்கலாம் என்பதற்காக அந்தக் காலத்தில் நட ஆரம்பித்தார்களாம். தோட்டத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் மின்கம்பி ஓடுகிறது, காட்டுப்பன்றிக்காக. கை வைக்காதீர்கள்.

ஓரிடத்தில் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எங்களைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு, கத்தரியால் ஒரு குலையை வெட்டி அக்காவிடம் நீட்டினார். நம் கடைத் திராட்சை மாதிரி இல்லை. காய் சின்னது, தோல் தடிப்பு, உள்ளே விதை. முதலில் தேன் போல இனிக்கிறது; தோலைக் கடித்ததும் நாக்கு துவர்த்து இழுக்கிறது. அக்கா தோலைத் துப்பாமல் மென்று, "நாவல்பழம் சாப்பிட்ட மாதிரி இருக்குடி" என்றாள். சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் கொடுப்பது தோல்தான். இன்னொன்று: யாராவது கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள், நீங்களாகப் பறிக்காதீர்கள். பாதைதான் பொது, கொடி அவர்கள் பிழைப்பு.

பான்கோலே தேவாலயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பாதைக்காக வெட்டின மண் கரையில் வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. விரலால் மண்ணைத் தள்ளினால் சிப்பி. கடற்கரையில் கிடக்குமே, வரி வரியாக விசிறி போல, அதே சிப்பி. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், மேட்டின் மேல். 53 லட்சம் ஆண்டுகளுக்கும் 26 லட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட பிளியோசீன் காலத்தில் இந்த மேடுகள் கடலடி. அந்த மஞ்சள் மணலும் களிமண்ணும்தான் இன்றைக்கு வெர்னாச்சாவின் வேருக்கு மண். சிப்பியைக் கரையிலேயே திரும்பப் பதித்துவிட்டு வந்தோம். வழிக்குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எந்த மேட்டில் எந்தப் பணக்காரர் வீடு வாங்கினார் என்று மட்டும் இருக்கிறது. அடுத்த பதிப்பில் மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

பிற்பகல் ஒரு திருப்பத்தில் சைப்ரஸ் மரங்கள் விலக, கோபுரங்கள் தெரிந்தன. ஒரு மேட்டின் தலையில் கல் தூண்களை நட்டு வைத்தது போல. அக்கா ஊன்றுகோலை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தாள். பதினொன்று வரை வந்தது; மீதி ஒன்றுக்குப் பின் ஒன்று மறைந்திருந்தது. மொத்தம் 14. ஒரு காலத்தில் 72 இருந்ததாகச் சொல்கிறார்கள். பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு கட்டின கோபுரங்கள் இவை. 1348இல் பிளேக் வந்து ஊரை அழித்தது. சில வருஷத்தில் ஃப்ளோரன்ஸின் ஆட்சிக்குள் போனது. யாத்திரைக் கூட்டமும் சமவெளிச் சாலைக்கு மாறியது. கையில் காசில்லாத ஊர் பழசை இடித்துப் புதிதாகக் கட்டவில்லை. அதனால்தான் இன்றைக்கு நாம் பார்க்க முடிகிறது. 1990இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

அந்த முதல் பார்வையிலிருந்து ஊர் வாசலுக்கு வர எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கோபுரங்கள் மேட்டுக்குப் பின்னால் போய்விடும், மறுபடி வேறு வரிசையில் எழுந்து நிற்கும். பேருந்தில் வருகிறவர்கள் பக்கத்து ஊரான போஜ்ஜிபொன்ஸியிலிருந்து அரை மணிக்குள் வந்து இறங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்த இரண்டு மணி நேரம் கிடையாது. இந்தச் சேவைக்கு நான் கொடுத்த பணத்தில் பாதி அதற்கே சரியாகிவிட்டது.

விடுதி மதிலுக்கு உள்ளேதான் இருந்தது, கேட்டபடியே. மூன்றாவது மாடி, மின்தூக்கி இல்லை. முழங்கால் விஷயத்தை முன்கூட்டியே எழுதியிருந்தும் இதைக் கவனிக்கவில்லை. வரவேற்பில் இருந்த பையனிடம் சொன்னதும் கீழ்த்தள அறைக்கு மாற்றிக் கொடுத்தான். ஊர்த் தங்கல் வரியைத் தனியாக, ரொக்கமாகக் கட்ட வேண்டும்; தொகை சின்னதுதான், ஆனால் 720இல் அது சேராது.

பகலில் ஊர் நெரிசல். ஆறு மணிக்கு மேல் பேருந்துகள் போனதும் வேறு ஊர். கிணற்றுச் சதுக்கத்தில், அதாவது பியாத்சா தெல்லா சிஸ்டெர்னாவில், தரை முழுக்கச் செங்கல்லை மீன்முள் வரிசையில் பதித்திருக்கிறார்கள். நடுவே எட்டுப் பட்டையாக ஒரு கல் கிணறு. அக்கா நேராக அங்கே போய் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். கல்லில் பள்ளம் பள்ளமாகத் தடம். ஒரு தடத்தில் சுட்டுவிரலை வைத்தாள், கச்சிதமாக அடங்கியது. "கயிறு அறுத்த தடம்" என்றாள். நூற்றாண்டுக் கணக்கில் குடத்தோடு வந்து நின்ற பெண்களின் கயிறு. கிணற்றில் தண்ணீர் இறைத்து வளர்ந்தவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரொம்ப நேரம் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். அதே சதுக்கத்தில் குங்குமப்பூவும் பைன் பருப்பும் சேர்த்த ஐஸ்கிரீம் கிடைக்கிறது. குங்குமப்பூ இந்த ஊரைப் பணக்கார ஊராக்கிய பழைய சரக்கு. வரிசையில் நின்று வாங்கலாம், தப்பில்லை.

மறுநாள் ஓய்வு நாள். காலையில் பெரிய தேவாலயத்துக்குள் சாந்தா ஃபீனாவின் சிற்றாலயம். ஃபீனா இந்த ஊர்ப் பெண். நோயில் விழுந்து ஐந்து வருஷம் ஒரு கட்டைப் பலகையிலேயே கிடந்து, 1253இல் பதினைந்து வயதில் இறந்துபோனாள். அவள் இறந்த நாளில் ஊர்க் கோபுரங்களில் பூ பூத்ததாம். கிர்லாந்தாயோ அந்த மரணத்தைச் சுவரில் வரைந்திருக்கிறார். அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு வாரம் படுக்கையில் கிடந்தவள் அக்கா. அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கூப்பிடவில்லை.

ஒயின் சுவைத்தது அன்று மாலை, ஊரிலிருந்து அரை மணி நடையில் ஒரு பண்ணையில். வெர்னாச்சாதான் 1966இல் இத்தாலியில் முதன்முதலாகப் பிறப்பிடப் பாதுகாப்பு (நம் புவிசார் குறியீடு மாதிரி) பெற்ற ஒயின். 1993இல் அதைவிட உயர்ந்த தகுதியும் கிடைத்தது. வெளிர் வைக்கோல் நிறம். குடித்து முடித்த பின் தொண்டையில் லேசாகப் பாதாம் கசப்பு நிற்கிறது. எனக்கு அந்தக் கசப்புப் பிடித்துப் போய்விட்டது. அக்கா குடிக்கமாட்டாள் என்று சொன்னதும், கேட்காமலேயே அவளுக்கு இரண்டு வகை ஆலிவ் எண்ணெயும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த மரியாதை எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. அக்கா ரொட்டியைக் கடித்துவிட்டு என் காதருகே, "உப்புப் போட மறந்துட்டாங்க போல, சொல்லவா?" என்றாள். மறக்கவில்லை. டஸ்கனி ரொட்டியே உப்பில்லாததுதான். கூடவே வருகிற பாலாடைக் கட்டியும் ஊறவைத்த ஆலிவும் உப்பு தூக்கலாக இருப்பதால் சேர்த்துச் சாப்பிட்டால் சரியாக இருக்கிறது.

சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கவலை வேண்டாம். பீச்சி என்று கையால் திரித்த தடி நூடுல்ஸ், பூண்டும் தக்காளியும் போட்டது, எல்லா இடத்திலும் கிடைக்கும். ரிபொல்லீத்தா என்ற காய்கறி ரொட்டிக் கூழும் நல்லது, ஆனால் இறைச்சி வேகவைத்த நீர் சேர்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெக்கோரினோ பாலாடைக் கட்டியை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்ப்பது வழக்கம். கண்டிப்பான சைவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

நான்காம் நாள்தான் சோதனை. இரவெல்லாம் மழை. காலையில் விட்டுவிட்டது, ஆனால் அந்தக் களிமண் நனைந்தால் என்ன ஆகும் என்று குறிப்பில் யாரும் எழுதவில்லை. பத்தே அடியில் காலணிக்குக் கீழே இன்னொரு காலணி முளைத்தது போல அப்பிக்கொண்டது. ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனத்தது. குச்சியால் சுரண்டுவோம், மறுபடி பத்து அடி. இறக்கத்தில் அது வழுக்கவும் செய்யும். அக்கா இரண்டு ஊன்றுகோலையும் முன்னால் ஊன்றிப் பக்கவாட்டில், படி இறங்குகிற மாதிரி, ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கினாள். கீழே ஓடை. கல் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டிய இடத்தில் கல் தண்ணீருக்குள் போயிருந்தது. "உட்காருக்கா, நான் பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் மேலே போய்ப் பார்த்தேன். ஆழமில்லாத இடம் கிடைத்தது, காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தோம். மழை நாளுக்குத் தார்ச்சாலை வழியாக ஒரு மாற்றுப் பாதையைக் குறிப்பில் கொடுத்திருக்க வேண்டும். முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவர் வருகிறார் என்று தெரிந்த நிறுவனத்துக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

13 கிலோமீட்டருக்கு ஆறரை மணி நேரம் ஆகிக் கொல்லே வந்து சேர்ந்தால், பெட்டி இல்லை.

அக்காவின் இரத்த அழுத்த மாத்திரை அந்தப் பெட்டியில். தவறு எங்கள் பக்கமும் உண்டு. மருந்தைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். ஆனால் அவசர எண் என்று கொடுத்திருந்த எண்ணை மூன்று முறை அடித்த பிறகுதான் எடுத்தார்கள். பெயர் ஒத்த வேறொரு பண்ணை விடுதியில் ஓட்டுநர் இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். விடுதிக்கார அம்மாள்தான் எங்களைக் காப்பாற்றினார். தானே அந்தப் பண்ணைக்குப் பேசி, இருக்கிறது என்று உறுதி செய்து, அக்காவுக்கு உலர்ந்த காலுறை கொடுத்து, சூப் வைத்து உட்காரவைத்தார். பெட்டி 9.20க்கு வந்தது. மாத்திரை எட்டு மணிக்குப் போட வேண்டியது. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த ஒரு மணி இருபது நிமிஷம் நான் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் உங்கள் பெயரோடு அன்றன்றைய விடுதியின் முழு முகவரியையும் எழுதி ஒட்டுங்கள். அவர்கள் கொடுத்த அட்டையில் பெயரும் பதிவு எண்ணும் மட்டும்தான் இருந்தன.

கடைசி நாள் மண் காய்ந்துவிட்டது. 15 கிலோமீட்டர் போல, பெரும்பாலும் காடும் வயலும். மொன்டெரிஜ்ஜோனிக்கு முன் அபாதியா அ ஈசோலா என்ற பழைய மடம், 1001இல் தொடங்கியது. பெயரில் தீவு இருக்கிறது, சுற்றி வயல். முன்பு இது சதுப்பு நிலம், மடம் அதன் நடுவே தீவு போல நின்றது. அங்கிருந்து பார்த்தால் மொன்டெரிஜ்ஜோனியின் மதில், 14 காவல் கோபுரங்களோடு, மேட்டுக்கு வைத்த வளையம் போலத் தெரியும். 1213இல் சியெனா நகரத்தார் கட்டத் தொடங்கியது. ஊர் உள்ளங்கை அளவு. அரை மணியில் சுற்றிவிடலாம்.

சரி, இந்த விலைக்குத் தகுமா? ஊருக்குத் திரும்பியதும் கணக்குப் போட்டேன். அதே விடுதிகளை நானே பதிவு செய்து, பெட்டிக்கு மட்டும் ஒரு வண்டிச் சேவையைப் பிடித்திருந்தால் இருவருக்கும் சேர்த்து 450 யூரோ போல மிச்சமாகியிருக்கும். குறிகள் நன்றாக இருக்கிற இந்தப் பாதைக்கு வழிக்குறிப்புப் புத்தகம் தேவையே இல்லை. ஆனால் முதல் முறை போகிறவர்களுக்கு, அதுவும் உடம்பில் ஏதாவது தொந்தரவு உள்ளவர்களோடு போகிறவர்களுக்கு, தூரத்தைப் பிரித்து வைத்ததும் மதிலுக்குள் அறை பிடித்துக் கொடுத்ததும் பெரிய உதவி. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பாதைக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து.

ஃபீனாவின் பூக்கள் மார்ச் மாதம் மதிலிடுக்கில் இன்றைக்கும் பூக்கின்றன. 12ஆம் தேதி அவள் திருநாள். அதைப் பார்க்க வேண்டும் என்று அக்கா திரும்பி வரும் ரயிலிலேயே சொல்லிவிட்டாள். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன், ஏப்ரலில்தான் ஆரம்பிப்பார்களாம். அதனால் நாங்களே மார்ச் 10லிருந்து மூன்று இரவுக்கு அறை பதிவு செய்துவிட்டோம், கீழ்த்தளத்தில். காம்பாஸியிலிருந்து மறுபடி நடந்துதான் வரப்போகிறோம். மாத்திரை அக்காவின் இடுப்புப் பையில் இருக்கும்.